சிலிண்டருக்குப் பின்னால் ஒரு மேப்பிள்

கினுயேவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மூங்கில் குச்சி இருக்கும். சோறு சாப்பிடும் குச்சிதான், ஆனால் ஜோடியில் ஒன்று மட்டும். மற்றொன்று எங்கே போனது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கேஸ் கம்பெனி கொடுத்த நீலச் சட்டையில், பேனா குத்த வேண்டிய இடத்தில் அதைக் குத்தி வைத்திருப்பாள். சிலிண்டர் மாற்றப் போன வீட்டில் ஒரு மரமோ, வேலிச் செடியோ, வெட்டிவிட்ட அடிக்கட்டையோ கண்ணில் பட்டால் போதும், வந்த வேலையை மறந்து அதன் முன்னால் குந்திவிடுவாள். குச்சியால் மண்ணை மெல்லக் கிளறி, மரம் தரைக்குள் இறங்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். பார்க்காமல் வந்துவிட்டால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது.

தொட்டியில் குட்டையாக மரம் வளர்க்கும் போன்சாய்ப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோருமே இப்படித்தான். நீங்களும் நானும் மரத்தின் பூவைப் பார்ப்போம். இவர்கள் காலைப் பார்ப்பார்கள். வேர்கள் நாலாபுறமும் விரிந்து தரையைக் கவ்விப் பிடித்திருக்கின்றனவா, அடிமரம் அகன்று மேலே போகப்போக ஒடுங்குகிறதா என்பதுதான் இவர்கள் கவலை. கால் நன்றாக இருந்தால் தலையை வெட்டி வீசிவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்வார்கள். காலை யாராலும் புதிதாகச் செய்ய முடியாது.

பக்கத்து கினாஷியில் வயல் வயலாகப் பைன் கன்றுகளை இதற்கென்றே வளர்த்து விற்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அங்கேதான் போய் வாங்குவார்கள். கினுயேவுக்கு அதில் ருசி இல்லை. "கடையில வாங்குறதுல என்ன இருக்கு? அடியில என்ன இருக்குன்னு விக்கிறவன் முன்னாடியே பார்த்துட்டானே!" என்பாள். எச்சில் பண்டத்தை யாரோ நீட்டியது போல முகத்தைச் சுளிப்பாள்.

அவளுக்கு வேண்டியது யாரும் பார்க்காத மரம். அது எங்கே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டின் முன்பக்கத்துத் தோட்டத்தைத் தோட்டக்காரர் வந்து வாரிச் சீவி வைத்துவிட்டுப் போவார். பின்பக்கம், குளியலறைச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவில், கேஸ் சிலிண்டர் நிற்கும் சந்தில் வீட்டுக்காரர்களே கால் வைப்பதில்லை. கேஸ்காரி மட்டும்தான் போவாள். தானாக முளைத்ததும், வெட்ட வெட்டத் தழைத்ததும், வேண்டாம் என்று வீசியதும் அங்கேதான் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

கேட்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தாள். மரம் வேண்டும் என்று ஒருநாளும் கேட்கமாட்டாள். "இது உங்களுக்குத் தொந்தரவா இருக்குமே" என்று ஆரம்பிப்பாள். ஆமாம் என்பார்கள். "நான் வேணா அப்புறப்படுத்திடட்டுமா?" என்பாள். கும்பிட்டு நன்றி சொல்லிக் கொடுத்து அனுப்புவார்கள். வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டும்வரை அந்த மரத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னால் வீட்டுக்காரர் அதை முதல் தடவையாகத் திரும்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டால் மரம் போச்சு. அந்த வருஷப் புத்தாண்டுக்கு அந்த வீட்டுக்கு ஒரு பெட்டி அரிசி பிஸ்கட் போகும். அத்துடன் கணக்கு முடிந்தது. பிறகு அந்த வீட்டில் மரப் பேச்சே எடுக்கமாட்டாள்.

அவள் வீட்டு மொட்டைமாடியில் இப்படி வந்தவை முப்பதுக்கும் மேல். துணி காயப்போட இடமில்லை. "உன் அகதிங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் அவள் கணவன் ஷோசோ மாடிக்கே வருவான். வந்து, ஈரப் பனியனைப் பிடித்துக்கொண்டு நின்று, இறங்கிப் போய்விடுவான்.

எல்லா மரமும் பிழைத்ததா என்றால், இல்லை. கஜிதானி வீட்டுப் பைன் பிழைக்கவில்லை. கஜிதானி ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். கொல்லையில் கான்கிரீட் போடப் போகிறேன், நாளைக்குள் எடுத்துக்கொள் என்றார். பைனை அப்படி எடுக்கக் கூடாது. இந்த வருஷம் ஒரு பக்கத்து வேரை வெட்டிப் புது வேர் விடவைத்து, அடுத்த வருஷம் மறுபக்கம் வெட்டி, அதற்கப்புறம்தான் தூக்க வேண்டும். ஆனால் அந்தப் பைனின் கால், அடேயப்பா! கினுயே ஆசையில் ஒரே மத்தியானத்தில் தோண்டித் தூக்கிவந்தாள். பைன் பொல்லாத மரம், செத்த பிறகும் இரண்டு மாதம் பச்சையாகவே நிற்கும். அவள் ஒரு பிணத்துக்கு இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றினாள். ஜூன் மாதம் ஊசி இலைகள் ஒரே வாரத்தில் செம்பட்டையாகின.

அடுத்த தடவை சிலிண்டர் கொண்டுபோனபோது கஜிதானி கேட்டார், "நம்ம பைன் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க" என்றாள்.

அதற்கடுத்த தடவையும் கேட்டார். மூன்றாம் தடவை கேட்கும் முன்பே அவள் அந்தத் தெருவைச் சக ஊழியர் ஒருவரிடம் தள்ளிவிட்டு, அதற்குப் பதிலாக யாரும் விரும்பாத குன்றுமேட்டுத் தெருவை வாங்கிக்கொண்டாள். ஐம்பது கிலோ சிலிண்டரை மேட்டில் உருட்டுவது கஜிதானியின் முகத்தைப் பார்ப்பதைவிடச் சுலபமாக இருந்தது.

குன்றுமேட்டுத் தெருவின் கடைசி வீடு மனாபே இட்சுவுடையது. இட்சு எழுபத்தெட்டு வயதுக்காரி, தனியாக இருப்பவள். கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்து, மூடிவிட்டவள். கத்தியைத்தான் உறையில் போட்டாளே தவிர நாக்கைப் போடவில்லை. அவள் வீட்டுச் சந்தில் இரண்டு சிலிண்டர்கள் சுவரோடு சங்கிலி போட்டு நிற்கும். ஏழு வருஷமாக கினுயே ஒன்றை எடுத்து ஒன்றை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பிப்ரவரியில் குழாய் மாற்ற வேண்டியிருந்ததால் இரண்டையும் ஒன்றாக நகர்த்தினாள். பின்னால் அது நின்றது.

முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கட்டை. மூன்று முனை இலை விடும் மேப்பிள் சாதி. இலை உதிர்ந்து நின்றதால் உடம்பு முழுக்கத் தெரிந்தது. அடி ஒரு சோற்றுப் பானை அகலம். அங்கிருந்து மேலே போகப்போகப் படிப்படியாக ஒடுங்கி, ஒவ்வொரு படியிலும் ஒரு பழைய வெட்டு ஆறிய தழும்பு. கினுயேவின் கை தானாகக் குச்சிக்குப் போனது. சுவர்ப் பக்கத்து மண்ணைக் கிளறினாள். வேர்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருகி, ஊற்றிய மெழுகுபோல் தரையில் படர்ந்திருந்தன. மேலும் கிளறினாள். படர்வு இன்னும் முடியவில்லை.

"என்ன, பல்லி ஏதாச்சும் செத்துக் கிடக்கா?" இட்சு ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினாள்.

"இல்ல பெரியம்மா. இந்தக் கட்டை... உங்களுக்குத் தொந்தரவா இருக்குமே?"

"அந்தச் சனியனா! வருஷக் கடைசியில வீடு பூரா ஒட்டடை அடிச்சுக் கழுவுறப்ப அதையும் வெட்டித் தள்ளுவேன். சமையல் கத்தியாலதான். அடுத்த வருஷம் பார்த்தா மறுபடி கூரைய எட்டிப் பார்க்கும். முப்பது வருஷமா எனக்கும் அதுக்கும் இதே சண்டை."

"நான் வேணா எடுத்துட்டுப் போயிடட்டுமா?"

"இப்பவே எடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

புத்தி உள்ளவள் என்றால் அங்கேயே ரம்பத்தை எடுத்திருப்பாள். மேப்பிள் பைனைப் போல நோஞ்சான் இல்லை. பிப்ரவரியில் வேரைக் கண்டபடி வெட்டிப் பிடுங்கி நட்டாலும் ஏப்ரலில் சிரித்துக்கொண்டு துளிர்க்கும். போன்சாய்ச் சங்கத்தில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும் இது. கினுயேவுக்குத் தெரியாதா? ஆனால் சூடு கண்ட பூனை அல்லவா. கண்ணுக்கு முன்னால் கஜிதானியின் பைன் செம்பட்டையாக நின்றது. இப்படி ஒரு காலை இத்தனை வருஷம் தேடியிருக்கிறாள், இதுவும் போய்விட்டால்?

"இன்னிக்கு ஒரு பக்கம் மட்டும் வெட்டுறேன் பெரியம்மா. மறுபக்கம் அடுத்த பிப்ரவரி. அப்புறம் தூக்கிட்டுப் போறேன்" என்றாள்.

இட்சுவின் புருவம் உயர்ந்தது. "ஒரு கட்டைக்கு ஒரு வருஷமா? எங்க வீட்டுக்காரருக்குக் குடல் ஆபரேஷன் பண்ணுனப்பவே பத்து நாள்ல அனுப்பிட்டாங்க. அதுல அப்படி என்ன இருக்கு?"

இந்த இடத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கினுயேவால் முடியவில்லை. கண்ட அழகை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. இட்சுவைக் கையைப் பிடித்துச் சந்துக்குள் அழைத்துவந்து, குந்தவைத்து, குச்சியால் காட்டினாள். இது பாருங்க, இங்கே வெட்டினீங்க, பக்கத்திலிருந்து ஒண்ணு கிளம்புச்சு, மறு வருஷம் அதை வெட்டினீங்க, அது அந்தப் பக்கம் திரும்புச்சு. வெட்ட வெட்ட மேலே போக முடியாம அடி பருத்துப் போச்சு. கினாஷியில பெரிய கைக்காரங்க இதைத்தான் வருஷக்கணக்கா திட்டம் போட்டுச் செய்யறாங்க.

இட்சு விரலால் ஒவ்வொரு தழும்பாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அப்போ இதைச் செஞ்சது நானா?"

"நீங்கதான்."

"கோவத்துல வெட்டுனேன்."

"மரத்துக்கு அது தெரியாது பெரியம்மா."

அன்று கினுயே சிலிண்டர் பக்கம் இருந்த பாதியைத் தொடவில்லை. சுவர்ப் பக்கத்துப் பாதியில் மட்டும் பள்ளம் தோண்டி, வேர்களை வெட்டி, ஈரப்பாசி வைத்து மூடி, ஒரு சாக்கைப் போர்த்திவிட்டுப் போனாள். இப்படியாகத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

மார்ச்சில் போனபோது இட்சு சந்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏப்ரலில், "துளிர் விட்டுச்சு, செவப்பா விட்டுச்சு, பச்சையாத்தானே விடணும்? ஏதாச்சும் நோயா?" என்றாள். மே மாதம் சாக்கைத் தூக்கிப் பாசியைப் புரட்டிக்கூடப் பார்த்திருக்கிறாள். "நூல் நூலா வெள்ளையா வந்திருக்கு. இடியாப்பம் தோத்துச்சு போ" என்று சொல்லியிருப்பாள், இடியாப்பம் தெரிந்திருந்தால். எங்கள் ஊர்க்காரி என்பதால் நூடுல்ஸைச் சொன்னாள். அப்படித் தோண்டிப் பார்க்கக் கூடாது என்று கினுயே கத்தினாள். "ஏன், நீ மட்டும்தான் பார்க்கணுமா?" என்று இட்சு திருப்பிக் கத்தினாள். கோடையில் ஒருநாள் மழையில்லாமல் போனதற்கு கேஸ் கம்பெனிக்கே போன் போட்டு, மரத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டிருக்கிறாள். போனை எடுத்த பெண் பயந்துபோய் அவசரப் பிரிவுக்கு மாற்றிவிட்டாள்.

வீட்டில் கினுயே சொல்லிச் சொல்லிப் புலம்பினாள். ஷோசோ உடோன் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே, "கிழவி அந்த மரத்தை உனக்குத் தரமாட்டா. எழுதி வச்சுக்கோ" என்றான்.

"வாக்குக் குடுத்திருக்காங்க."

"சனியனைத் தரேன்னுதான் வாக்கு. இப்ப அது சனியனா?"

இலையுதிர்காலத்தில் அந்த மேப்பிள் சந்து முழுக்க நெருப்பாகச் சிவந்தது. அந்த மாதம்தான் இட்சு அடுத்த சேதியைச் சொன்னாள். ஒகாயாமாவில் இருக்கும் மகன் அவள் வீட்டை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றப் போகிறானாம். வயதான காலத்தில் அம்மா கேஸ் அடுப்பை அணைக்க மறந்துவிடுவாளாம். மார்ச்சில் ஆள் வந்து சிலிண்டர் நிற்கும் இடத்தில் பெரிய வெந்நீர்த் தொட்டி வைப்பார்கள்.

கினுயேவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. எப்படியும் மரத்தை எடுத்தே ஆக வேண்டும், இனி இட்சுவால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒரு வாடிக்கை போகிறது என்ற வருத்தம்கூட அவளுக்கு வரவில்லை.

பிப்ரவரி வந்தது. கினுயே தன் கையால் செய்த மரப்பெட்டி, புது மண், ரம்பம், கயிறு எல்லாவற்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு விடுமுறை நாளில் போனாள். இட்சு சந்தின் வாயிலில் மேலங்கியை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"மரத்தைத் தரப்போறதில்ல" என்றாள்.

கினுயே சந்துக்குள் கையை நீட்டினாள். "பெரியம்மா, தொட்டி வைக்கிறவங்க வந்தா பிடுங்கிப் போட்டுடுவாங்க."

"தெரியும். அதான் நீ தோண்டிப் பெட்டியில வச்சுக் குடு. துணி காயப்போடற இடத்துல வெயில் வருது, அங்க வச்சுக்கறேன்."

"ஒரு வருஷமா காத்திருந்திருக்கேன்!"

"நான் முப்பது வருஷமா வெட்டியிருக்கேன்."

கினுயேவுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திரும்பி வண்டிவரை நடந்தாள். கதவைத் திறந்தாள். ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் போட்டாள். திருப்பவில்லை. சிலிண்டர் பக்கத்துப் பாதி மண்ணுக்குள் என்ன இருக்கிறது? ஒரு வருஷமாகக் குளிக்கும்போதும் சிலிண்டர் உருட்டும்போதும் அவள் மனதில் வரைந்து வரைந்து அழித்த பாதி அது. இந்தப் பக்கத்து வேர் போல அந்தப் பக்கமும் விரிந்திருந்தால் இந்தப் பிரதேசத்திலேயே அதற்கு ஈடு கிடையாது. மரம் போனால் போகிறது, அதைப் பார்க்காமல் எப்படிப் போவது? வெட்கங்கெட்டவள், இறங்கி ரம்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இட்சு சாக்கை விலக்கினாள்.

சிலிண்டர்களை நகர்த்திவிட்டு, அந்தப் பக்கம் வருஷக்கணக்காகக் குவிந்து அடியை மறைத்திருந்த சருகையும் மண்ணையும் குச்சியால் தள்ளினாள். ஒரு விரல் ஆழம், இரண்டு விரல் ஆழம். வேர் இல்லை. அந்தப் பக்கம் அடிமரம் சுவர்போலத் தட்டையாக இறங்கியது. பட்டை உரிந்து, மரம் மரத்துப் போய், பழைய காயத்தின் மேல் காயமாக ஒரு நீண்ட வடு. வடுவின் உள்மடிப்பில் சாம்பல் நிறம் ஒட்டியிருந்தது. கினுயே நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பெயின்ட்.

சிலிண்டரின் பெயின்ட். ஒவ்வொரு தடவையும் சிலிண்டரைச் சாய்த்து விளிம்பில் உருட்டி அந்த மூலையில் இடித்து நிறுத்துவாளே, அந்த இடி. ஏழு வருஷமாக அவளேதான் இடித்திருக்கிறாள். ஊரில் எந்த மரத்தின் காலையும் விடாமல் பார்க்கிறவள், தன் கையால் இடித்துக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

"இந்தப் பக்கம் நான் செஞ்சது பெரியம்மா" என்றாள். "கெடுத்துட்டேன்."

இட்சு குனிந்து வடுவைத் தடவினாள். "அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வச்சா யாருக்குத் தெரியப்போகுது? முகத்துல ஒரு பக்கம் தழும்பு இருக்கறவங்களுக்கு எல்லாம் நான் வகிடு மாத்தி எடுத்து அனுப்பலையா?" என்றாள். பிறகு, "இப்ப வேணாமா உனக்கு இது?" என்று கேட்டாள்.

கினுயே யோசித்தாள். கண்காட்சிக்கு ஆகாது. சங்கத்துக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் வேண்டியிருந்தது. முன்னைவிட அதிகமாக வேண்டியிருந்தது. "வேணும்" என்றாள்.

"தரமாட்டேன். ஏன்னு கேளு."

"ஏன்?"

"நீ தூக்கிட்டுப் போயிட்டா, அப்புறம் அது என்ன ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மார்ச்சோட சிலிண்டரும் போயிடும். நீ இந்தப் பக்கம் வருவியா?"

வருவேன் என்று சொல்ல கினுயே வாயைத் திறந்தாள்.

"கஜிதானி வீட்டுக்குப் போறியா நீ?" என்றாள் இட்சு. "அவர் என் கடையிலதான் முடி வெட்டிக்குவார். கடைய மூடுற வரைக்கும் நாற்காலியில உட்கார்ந்தா இதே பேச்சு. 'என் பைன் கேஸ்காரம்மா வீட்டு மாடியில ராஜா மாதிரி இருக்கு'ன்னு. பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்ககிட்டயும் சொல்லுவார். நீ தெருவை மாத்திக்கிட்டது ஊருக்கே தெரியும். பைன் செத்துப்போச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும். அவருக்கு யாரு சொல்றது? மரத்தோட அடியில என்ன இருக்குன்னு உனக்கு மட்டும்தான் கேள்வி வருமா? குடுத்தவங்களுக்கு, அது என்ன ஆச்சுன்னு ஒரு கேள்வி வராதா?"

கினுயேவுக்கு முப்பது வீட்டு முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒரு பெட்டி பிஸ்கட்டோடு அவள் முடித்துக்கொண்ட முகங்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த மரத்தைப் பிறகு நினைத்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வேரை வெட்டி, மரத்தைத் தூக்கி, பெட்டியில் உட்காரவைத்து, கயிற்றால் கட்டி, துணி காயும் வெயிலில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இட்சு தேநீர் கொடுத்தாள். கூட ஊறுகாய் முள்ளங்கி. "ஞாயித்துக்கிழமைல வா. வாசப்பக்கமா வா. எனக்கு வாசல்னு ஒண்ணு இருக்கு" என்றாள்.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கினுயே நீலச் சட்டை போடாமல், நல்ல கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். மேட்டுத் தெருவுக்குத் திரும்பும் முனையில் நின்றாள். அப்படியே வலது பக்கம் போனால் கஜிதானியின் வீடு. வலது பக்கம் திரும்பினாள்.

அவர் வீட்டு முன்வாசலையும் அவள் அன்றுதான் பார்த்தாள். மணியை அழுத்தினாள். கதவைத் திறந்தவர் முன்னைவிட வளைந்திருந்தார். அவளை அடையாளம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிதான் அவளுக்கு வலித்தது.

"கேஸ்காரம்மா! நம்ம பைன் எப்படி இருக்கு?"

"செத்துப்போச்சுங்க" என்றாள். "அந்த ஜூன் மாசமே. நான் அவசரப்பட்டுத் தூக்கினதுதான் காரணம். நல்லா இருக்குன்னு சொன்னது பொய். என்னை மன்னிச்சிடுங்க." குனிந்த தலையை அவள் நிமிர்த்தவில்லை. வாசலில் இருந்த அவருடைய செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்தச் செருப்புகளுக்குள் இரண்டு கால்கள் நுழைந்தன.

"பின்னாடி ஒரு பழைய கமேலியா இருக்கு" என்றார் கஜிதானி. "கான்கிரீட் போட்டப்ப அதைச் சுத்தி மட்டும் விடச் சொன்னேன். தரமாட்டேன், ஆமா, அதை இப்பவே சொல்லிடறேன். ஆனா அடியில என்ன இருக்குன்னு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். குச்சி இருக்கா?"

கினுயே மார்பைத் தடவினாள். கோட்டில் பை இல்லை. "கொண்டுவரலீங்க" என்றாள்.

அவர் அடுப்படிக்குப் போய்ச் சாப்பிடும் குச்சி ஒரு ஜோடி கொண்டுவந்தார். கொல்லையில் கமேலியாவின் முன்னால் இருவரும் குந்தினார்கள். ஒரு குச்சியை அவளிடம் நீட்டினார். இன்னொன்றை அவரே வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து மண்ணை மெல்லக் கிளற ஆரம்பித்தார்.